ஒரு ரிங்கில் வைத்துவிடுகிறவர்கள்

எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் குடியிருக்கிற பெண்ணுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு உட்கார வைத்தது அவளை. உட்கார முடியாமல் போனது எனக்கு.

இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஓய்வு பெற்றபின் அமைதியாக இருக்கலாம் என்று சொல்லித்தான் கணவர் என்னைச் சேரப்பணஞ்சேரிக்கு அழைத்துவந்து வீடு கட்டினார். ஷிப்டுக்கு ஷிப்டு கம்பெனி பஸ்கள் வாசலைக் குலுக்கிவிட்டுப் போகிற ஊரில் அவர் எந்த அமைதியைக் கண்டாரோ தெரியாது. அது அவருக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். நான் தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்தவள். எக்ஸ்சேஞ்சில் சத்தம் நின்றுவிட்டால் கோளாறு என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில், வீடு நிசப்தமானால் எழுந்துபோய் எதையாவது சோதித்துப் பார்ப்பேன். கேஸ் ரெகுலேட்டர், மோட்டார் ஸ்விட்ச், கணவரின் மாத்திரை டப்பா. அவரையும் சோதித்திருப்பேன், பேப்பரைத் தாழ்த்தி, "நான் வேலை செய்யறேன், லைன் க்ளியரா இருக்கு" என்று அவரே சொல்லிவிடுவார்.

அந்தப் பெண் தென்காசிப் பக்கம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையின் லைனில் நின்றுகொண்டே வேலை பார்க்க வந்தவள். கான்ட்ராக்ட் முடிந்ததும் அங்கிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு, தொழிற்சாலைகளுக்கு பஸ் ஓட்டுகிற ஓர் உள்ளூர்க்காரரிடம் டிரான்ஸ்போர்ட் டெஸ்க் வேலை கிடைத்தது. எந்த வண்டி கிளம்பியது, எது எங்கே நிற்கிறது என்று பார்த்து, கோளாறானால் மாற்று வண்டி அனுப்புகிற வேலை. "உக்காந்து பாக்குத வேலைம்மா" என்று என்னிடம் முதல்முறை சொன்னபோது, மற்ற பெண்கள் வெளிநாட்டு வேலை என்று சொல்வார்களே, அந்தக் குரல். அந்த நாற்காலிக்குப் போகிற வழியில், தன் முதலாளியின் பஸ்ஸிலிருந்தே இறங்கும்போது மழைத்தண்ணீர் மூடியிருந்த பள்ளத்தில் காலை வைத்தாள்.

முதலாளி சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்தார். நிலமாக இருந்ததைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்து பஸ்ஸாக மாற்றிக்கொண்ட குடும்பம். பேச்சில் மட்டும் இன்னும் வரப்பில் நின்று அடுத்த வயல்காரனைக் கூப்பிடுகிற சத்தம்.

"இன்னா மேடம், சவுக்கியமா?" என்று என்னை விசாரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "தோ பாரும்மா. ஆபீஸு மாடில கீது. இரும்புப் படி. இந்தக் கட்டோட உன்னால ஏற முடியாது. கட்டு பிரிக்கிற வரைக்கும் சீட்ட காலியா வெச்சிகினு என்னாலயும் ஒக்கார முடியாது. போன் பாக்குற வேலைதான? வூட்லேந்தே பாரு. நம்ம பொட்டில அந்த வசதி கீதுன்னு அத்த வித்தவன் சொன்னான்."

"சரிங்கண்ணே."

"ஆனா ஒன்னு. உன்னால வண்டி மாறிப் போச்சு, லேட்டாச்சுன்னா, கம்பெனிக்காரன் என் கழுத்தப் புடிப்பான். அப்பறம் என் மச்சினி பொண்ண அந்த சீட்ல ஒக்கார வெச்சுடுவேன். டிகிரி முடிச்சிட்டு வூட்ல சீரியல் பாத்துகினு கீது. வருத்தப்படக் கூடாது."

அவர் போனதும் அந்தப் பெண் சாத்துக்குடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். "சீட்டு போச்சுன்னா இந்தக் காலை வச்சுக்கிட்டு எந்த லைன்லயும் நிக்க முடியாதும்மா. ஊருக்குத்தான் போணும். போனா மறுபடி விட மாட்டாவ" என்றாள்.

நான் ஏற்கெனவே மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பெட்டி என்றார் அல்லவா, அதுதான் அலுவலகத் தொலைபேசி அமைப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வேலையைச் செய்ய ஒரு கூடம் நிறைய இயந்திரங்களும், அவற்றுக்கு ஏசியும், ஏசிக்கு ஒரு ஆளும் தேவைப்பட்டது. இப்போது டிபன் டப்பா அளவு. ஒரகடம் சாலையில் அவருடைய பஸ் ஷெட்டின் மாடியில், சாமி படத்துக்கும் காலண்டருக்கும் நடுவே ஆணியில் தொங்கியது. அலுவலக எண்ணுக்கு வருகிற அழைப்பை அது டெஸ்க்கில் உள்ள போனுக்கு அனுப்பும். டெஸ்க் போனுக்குப் பதிலாக ஒரு செயலியைச் செல்போனில் போட்டுக்கொண்டால், உலகத்தில் எங்கே இருந்தாலும் அது அலுவலக போன்தான். சாஃப்ட்போன் என்பார்கள்.

சொல்லும்போது சுலபம். செல்போன் ஒரு சோம்பேறி என்பதைத்தான் விற்கிறவர்கள் சொல்வதில்லை. திரை அணைந்த சிறிது நேரத்தில், பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று உள்ளே ஓடுகிற செயலிகளை உறங்க வைத்துவிடும். உறங்குகிற செயலிக்குப் பெட்டி அனுப்புகிற அழைப்பு சுவருக்குப் போகிற அழைப்பு. ஆகவே சுற்றுவழி. போனின் இயங்குதளத்தை நடத்துகிற கம்பெனி எங்கோ ஒரு சர்வர் வைத்திருக்கும்; போனை எந்த நேரமும் தட்டி எழுப்ப அதற்கு மட்டும் அதிகாரம். பெட்டி அந்தச் சர்வரிடம் விண்ணப்பிக்க வேண்டும்: இன்ன போனுக்கு அழைப்பு வந்திருக்கிறது, எழுப்புங்கள். அது எழுப்பும். செயலி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, "இதோ இருக்கிறேன்" என்று பெட்டியிடம் பதிவு செய்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் மணி. புஷ் நோட்டிஃபிகேஷன் என்று பெயர். அதிகாரியைப் பார்க்க வந்தவர் பியூனிடம் சொல்லி, பியூன் உள்ளே போய், அதிகாரி சட்டையைச் சரிசெய்துகொண்டு "வரச் சொல்" என்கிறாரே, அதே நடைமுறைதான். எனக்குப் பழக்கமானது. சொல்லப்போனால் கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது.

கையேட்டை முழுவதும் படித்தேன். இந்த வட்டாரத்தில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான் என்று உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் விற்றவர் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பெட்டியைச் சர்வரிடம் அடையாளம் காட்டுகிற டிஜிட்டல் சாவியை ஏற்றினேன், சர்வர் மறுத்தது. மறுபடி ஏற்றினேன், மறுத்தது. ஷெட் மாடியில் மேலும் கீழுமாக நடந்தேன். கீழே பஸ் கழுவுகிறவர்கள், "மேடம் வாக்கிங் வந்துகினு கீறாங்க" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. கடைசியில் பார்த்தால் பெட்டியின் கடிகாரம் தவறு. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிலேயே நின்றுகொண்டிருந்தது. நேரம் தப்பாகச் சொல்கிறவனின் சாவியை அந்தச் சர்வர் நம்புவதில்லை. நியாயம்தான். கடிகாரத்தைத் திருத்தினேன், சாவி ஏறியது.

அடுத்து அவளுடைய போன். பேட்டரியைக் காப்பதில் வெறி பிடித்த ரகம். அறிவிப்புக்கு அனுமதி கொடு, பின்னணியில் ஓட விடு, பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கு, பூட்டிய திரையிலும் காட்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொந்துக்குள் ஒளிந்திருந்தது. எல்லாவற்றையும் தோண்டியெடுத்துச் சரிசெய்தேன்.

கடைசியாக ஒரு மரியாதை. அழைப்பவருக்கு உடனே மணியோசை கொடுக்கலாமா என்று பெட்டி கேட்டது. கொடு என்று டிக் வைத்தேன். எண்ணைப் போட்டவன் காதில் மௌனம் விழக் கூடாது, மௌனம் விழுந்தால் அவன் கோளாறு என்று நினைப்பான். பயிற்சி வகுப்பில் முதல் வாரம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. அங்கே செயலி எழுந்து பல் துலக்கட்டும், இங்கே இவனுக்கு ட்ரிங் ட்ரிங் என்று கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்பே அந்தப் பெண்ணை முறைப்படி விசாரித்திருந்தேன். தேவை என்னவென்று கேட்காமல் எதையும் அமைப்பவள் அல்ல நான்.

"ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு போன் வரும்?"

"போனா? பெரிசா வராதும்மா. வண்டி பஞ்சர்னா வரும். எவளாச்சும் பஸ்ஸ விட்டுட்டு அழுவா. அவ்ளோதான்."

"அவ்வளவுதானா? டிரைவர்கள்?"

"அவிய ஓட்டிக்கிட்டுல்லா இருப்பாவ. போன்லாம் பண்ண மாட்டாவ."

கேள்வி சரி, பதிலும் சரி. இதைவிட ஒழுங்கான விசாரணையை நான் செய்ததில்லை.

பிறகு சோதனை. அவள் போனின் திரையை அணைத்து, நன்றாக உறங்கட்டும் என்று தலையணை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, முன்கூடத்திலிருந்து கணவரின் போனில் அலுவலக எண்ணைப் போட்டேன். ட்ரிங், ட்ரிங், ட்ரிங். பின்பக்கத்திலிருந்து அவள் குரல்: "அம்மா, அடிக்கு!" எடுத்தாள், பேசினாள். மறுபடி உறங்க வைத்தேன். மறுபடி அடித்தது. வைஃபையை அணைத்துவிட்டுச் செய்தேன். அடித்தது. கணவரைத் தெருமுனைக்கு அனுப்பிச் செய்யச் சொன்னேன். அங்கிருந்தும் அடித்தது, திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உனக்கு மட்டும் ரிடையர்மென்ட் ஆர்டர் தபால்ல தவறிப்போச்சு போலிருக்கு" என்றார்.

முதல் நாள் மதிய ஷிப்ட். அவள் கட்டிலில் காலை நீட்டி, மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வாசலுக்கும் பின்பக்கத்துக்குமாக நடந்தேன். ஒரு தடவை போகும்போது, "வந்துச்சா?" என்றேன். "இல்லம்மா." அடுத்த தடவை அவளே சொன்னாள், "ஒண்ணுமே வரலையேம்மா." அவள் முகம் மாறியிருந்தது. டிரைவர்களுக்கு அவள் அடித்துப் பார்த்தாள். ஓட்டுகிற நேரத்தில் எவரும் எடுப்பதில்லை. ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் ஸ்டாப்பில் காத்திருப்பார்கள், நேரம் நெருங்குகிறது. எங்கள் ஊர் ரூட்டுக்கு மாற்று வண்டியை அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர் ஸ்டாப்பில் ஒரே ரூட்டுக்கு இரண்டு பஸ்கள் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. ஏறுகிற பெண்கள் எதில் ஏறுவது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஒலியெழுப்பியது வீட்டுக்குள் கேட்டது. முதலாளியின் போன் வந்தது. அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

"ஒரே ஸ்டாப்புல ரெண்டு வண்டி நிக்குதே, இன்னா, கல்யாண ஊர்வலமா? வூட்டு வாசல்ல போற வண்டிகூடத் தெரியலியா உனக்கு?"

"அண்ணே, ஒண்ணும் வரலண்ணே, நான் போனையேதான் பாத்துக்கிட்டு..."

"எல்லாரும் வுட்டாங்களாம். கேட்டுட்டேன். தோ பாரு, நாளைக்கு ஒரு நாளு. நாளைக்கும் இப்டின்னா நாளான்னிக்கு மச்சினி பொண்ணு வந்துடும்."

அவள் அழவில்லை. மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தாள். நான் என் கணவரின் போனைப் பிடுங்கி அலுவலக எண்ணைப் போட்டேன். ட்ரிங், ட்ரிங், ட்ரிங். அவள் மடியில் அழகாக அடித்தது. அவள் அதை வெறுப்போடு பார்த்தாள். எனக்கும் அதே வெறுப்புதான். அடிக்காத போனைச் சரிசெய்யலாம். நாம் அடித்தால் மட்டும் அடிக்கிற போனை என்ன செய்வது?

பெட்டி என்ன நினைக்கிறது என்று ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். டிரைவர்களிடமிருந்து அழைப்புகள் வந்திருந்தன. எல்லாவற்றுக்கும் எதிரில் ஒரே காரணம்: அழைத்தவரே துண்டித்தார். என் மூளை நேராகப் பழைய வழியில் போனது. ஒருவர் துண்டித்தால் அவசரம். எல்லாரும் துண்டித்தால் கோளாறு. அவர்கள் காதில் இரைச்சலோ எதிரொலியோ விழுகிறது, சகிக்காமல் வைத்துவிடுகிறார்கள். டிரைவர் காதில் என்ன கேட்கிறது என்பதை நேரில் கேட்டுத்தான் தீர வேண்டும். இதைக் கணவரிடம் விளக்கியபோது அவர் ஒரு டம்ளர் மோரை என் கையில் கொடுத்து, "முதல்ல உட்கார்ந்து குடி" என்றார். நின்றுகொண்டே குடித்தேன்.

மறுநாள் மதிய வண்டிகள் கிளம்புமுன் ஷெட்டுக்குப் போய்விட்டேன். முதல் வண்டி வல்லம் வடகால் ரூட். டிரைவர் நடுவயது, கழுத்தில் துண்டு, நெற்றியில் குங்குமம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் செல்போனை ஸ்டாண்டில் மாட்டியிருந்தார். நான் படியில் ஏறி நின்றுகொண்டேன்.

"ஆபீஸுக்கு எப்பவும்போல ஒரு போன் போடுங்க. என்ன கேக்குதுன்னு பாக்கணும்."

"போடத்தான போறேன். இன்னா புச்சா கேக்கப் போவுது?"

விரலை வைத்தார். ஸ்பீக்கரில் 'ட்ரிங்' என்று ஒருமுறை கேட்டது. சுத்தமான மணி. இரைச்சல் இல்லை, எதிரொலி இல்லை. கேட்டு முடிப்பதற்குள் சிவப்பைத் தட்டிவிட்டு கியரில் கை வைத்தார்.

"ஏன் வெச்சிட்டீங்க?"

"எத்த?"

"போனை! மணி போச்சே. அவ எடுக்கறதுக்குள்ள ஏன் கட் பண்ணீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எடுத்துட்டா இன்னா மேடம் பண்றது?"

"பேசறது!"

"இன்னான்னு பேசறது? வண்டிய எடுத்துட்டேன். அத்தான் ரிங் வுட்டேனே."

"பேசாம எப்படி அவளுக்குத் தெரியும்?"

"நம்பர் தெரியுதுல்ல? எடுத்தா ஒரு ரிங்கு. மொத ஸ்டாப்பு தொட்டா ஒரு ரிங்கு. கம்பெனி கேட்டுல ஒரு ரிங்கு. வுடாம அடிச்சா வண்டி படுத்துகிச்சுன்னு அர்த்தம், அப்பதான் அந்தப் பொண்ணு எடுக்கும். நான் ஓட்டிகினு கீறேன் மேடம். ஓட்டிகினே பேசச் சொல்றீங்களா? படிச்சவங்க நீங்க."

பின்சீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த கிளீனர் சிரித்தான். படியில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய வேகத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் எண்ணைப் போடுகிறார். பெட்டி, நான் வைத்த டிக்கின்படி, உடனே இவர் காதில் ஒரு ட்ரிங் கொடுக்கிறது. அதே நேரம் எழுப்பச் சொல்லும் விண்ணப்பம் எங்கோ ஒரு சர்வருக்குப் போய், அங்கிருந்து சேரப்பணஞ்சேரிக்கு வந்து, செயலியைத் தட்டுகிறது. அது எழுந்து கதவைத் திறக்கச் சில மூச்சு நேரம் ஆகும். இவருக்கோ ஒரு ட்ரிங் போதும். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று வைத்துவிடுகிறார். செயலி கதவைத் திறந்தால் வாசலில் யாருமில்லை. மறுபடி படுத்துக்கொள்கிறது. நானும் என் கணவரும் ஒவ்வொரு சோதனையிலும், எடுக்கிற வரை விடாமல் அடிக்கிற நாகரிகமானவர்களாக இருந்தோம்.

மிஸ்டு கால்! என் பணிக்காலத்தில் இந்தப் பழக்கத்தை நான் எவ்வளவு வெறுத்திருக்கிறேன். இலவசமாகச் செய்தி அனுப்புகிற திருட்டு என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இப்போது பேசுவதற்குத் தனியாக யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தத் திருட்டுக்குக் காரணமே போய்விட்டது. ஆனாலும் பழக்கம் பிழைத்துக்கொண்டு, கௌரவமான ஒரு வேலையில் சேர்ந்துவிட்டது.

"வண்டிய எடுக்காதீங்க" என்றேன்.

"டைம் ஆவுது மேடம்!"

"எடுத்தா ஒரு பஸ் உங்க பின்னாடியே வரும், பரவாயில்லையா?"

இரும்புப் படிகளில் என் முழங்கால்களின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் ஏறினேன். வீட்டிலிருந்தே பெட்டியைத் திறக்கும் வசதியைப் பாதுகாப்பு கருதி நானே அடைத்து வைத்திருந்தேன். விதிகளை எழுதுகிறவர்கள்தான் எப்போதும் படி ஏறுகிறார்கள். அழைப்பவருக்கு உடனே மணியோசை: அந்த டிக்கை எடுத்தேன். இனிமேல் அவள் போன் உண்மையிலேயே அடித்தால்தான் இவர்கள் காதில் மணி கேட்கும். பொய் மணி கிடையாது. ஜன்னலில் தலையை நீட்டி, "இப்ப போடுங்க!" என்று கத்தினேன்.

அவர் போட்டார். காதில் வைத்தார். எடுத்துத் திரையைப் பார்த்தார். "செத்துப்போச்சு மேடம். சத்தமே இல்ல."

"இருங்க. வைக்காதீங்க."

"ஒன்னியுமே கேக்கல..."

"வைக்காதீங்கன்னா!"

ஷெட்டில் எல்லா டிரைவர்களும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மௌனம். பயிற்சி வகுப்பில் எனக்கு அச்சமூட்டிய அதே மௌனம். பிறகு கீழே ஸ்பீக்கரில் 'ட்ரிங்' என்று கேட்டது.

"இப்ப கட் பண்ணுங்க! கட்! கட்!" என்று நான் மாடியிலிருந்து அலறினேன். தொலைபேசித் துறையில் ஒரு வாழ்நாளைக் கழித்தவள்.

என் போன் அடித்தது. பின்பக்க அறையிலிருந்து அவள். "அம்மா, வல்லம் வண்டி எடுத்தாச்சு!" என்றாள். "ரிங் வந்துட்டும்மா."

"அந்த ரிங்கைப் பத்தி ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை?"

"நீங்க போனைப் பத்தித்தானம்மா கேட்டீய?" என்றாள்.

கூச்சல் கேட்டு முதலாளி எதிர் டீக்கடையிலிருந்து வந்துவிட்டார். நான் விளக்கினேன். டிரைவர்கள் அனைவருக்கும் தெரிவிக்க ஒரு சுற்றறிக்கை தயாரிக்கலாம், நோக்கம், நடைமுறை, விதிவிலக்கு என்று மூன்று பத்தி போதும் என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, வாட்ஸப்பைத் திறந்து, போனை வாய்க்கு நேரே தட்டு மாதிரி பிடித்துக்கொண்டார்.

"யோவ், எல்லாரும் கேட்டுக்கோங்க. இன்னிலேந்து ஆபீஸுக்குப் போட்டா மொதல்ல ஊமையா கீது. பயப்படாத. சாமிய நெனச்சிகினு இரு. ரிங்கு வந்தப்பறம் கட் பண்ணு. அதுக்கு முன்னாடி எவனாவது வெச்சான்னு வெய்யி, அவனே சேரப்பணஞ்சேரி வரைக்கும் நடந்து போயி அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டு வரட்டும்."

என் சுற்றறிக்கையைவிடத் தெளிவாக இருந்தது. விதிவிலக்கு மட்டும் இல்லை.

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு விரைந்தேன். அவள் கட்டிலோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். மடியில் போன் ஒரு தடவை அடித்து அடங்கும். அவள் சாக்பீஸால் சிலேட்டில் ஒரு கோடு போடுவாள். மீண்டும் அடித்து அடங்கும். இன்னொரு கோடு. என்ன ஏது என்று ஒருவரும் பேசவில்லை. முதல் ஸ்டாப்புகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

வல்லம் வடகால் வண்டி மட்டும் வரவில்லை. முதலில் கிளம்பிய வண்டி, எல்லாருக்கும் முன்னால் தொட்டிருக்க வேண்டும்.

அவள் விரல் மாற்று வண்டி டிரைவரின் எண்ணுக்கு மேலே நின்றது. அனுப்பி, வண்டி அங்கே நின்றுகொண்டிருந்தால் நேற்றைய ஊர்வலம் மறுபடியும். அனுப்பாமல், வண்டி உண்மையிலேயே எங்கோ படுத்திருந்தால், பிள்ளைகள் ஷிப்டுக்குத் தாமதம். இரண்டில் எது நடந்தாலும் நாளை அந்த நாற்காலியில் வேறொரு பெண்.

"அனுப்பிடேன்" என்றேன். "இல்ல, நான் ஓடிப்போய் பெட்டியை ஒரு தடவை பார்த்துட்டு..."

"இருங்கம்மா."

"அவர் மறந்துட்டு முன்னாடியே வெச்சிருந்தா?"

"எடுக்கும்போது சரியாத்தான விட்டாவ? கோளாறுன்னா விடாம அடிப்பாவ. அடிக்கலல்லா? அப்ப வண்டி ஓடுது. எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்கி." விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடிக்காத ஒரு போனிலிருந்து இவ்வளவு செய்தியைப் படிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியிருக்காது. நான் படித்ததெல்லாம் அடிக்கிற போன்களைப் பற்றி. எழுந்து ஜன்னலருகே போனேன். திரும்பி வந்தேன். சிலேட்டைப் பார்த்தேன். எதிர் வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, அதைக்கூட என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

அப்போது போன் அடித்தது.

பணிக்காலம் முழுவதும் மணியடித்தால் எடுத்த கை. மூளையிடம் கேட்கவில்லை, நேராகப் போய்விட்டது.

"எடுக்காதீயம்மா!" என்று வீறிட்டு, என் புறங்கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். என்னை அப்படி அடித்த கடைசி ஆள் எங்கள் கணக்கு டீச்சர்.

போன் ஒரு ரிங்கோடு நின்றது. திரையில் வல்லம் வண்டியின் எண். அவள் கோடு போட்டாள். ஒரகடம் முனையில் ஒரு டிரெய்லர் திரும்ப முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு நின்றதாம், பிறகுதான் தெரிந்தது. அடித்த கையைப் பார்த்து அவளுக்கே பயமாகிவிட்டது. "அய்யோ, மன்னிச்சுக்கோங்கம்மா, எடுத்திருந்தீயன்னா அவிய பேசணுமேன்னு..."

"சரியா அடிச்ச" என்றேன்.

கம்பெனி கேட்டுகளின் ரிங்குகளும் வந்து முடிந்தபின், போன் விடாமல் அடித்தது. அவள் எடுத்தாள். முதலாளி.

"எல்லாம் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துட்டுண்ணே."

"ரெண்டு வண்டி எங்கயும் நிக்கல?"

"இல்லண்ணே."

"கட்டு எப்பப் பிரிக்கிறாங்கன்னு கேட்டுச் சொல்லு. படி ஏற எவ்ளோ நாளாவும்னும் கேளு. மச்சினி பொண்ணு கெடக்குது வுடு, அது சீரியலே பாக்கட்டும். சரி, நாளைக்கு காலை ஷிப்டும் நீதான்." வைத்துவிட்டார்.

அவள் போனைச் சிலேட்டின் மேல் வைத்தாள். பிறகு முதலாளி கொண்டுவந்ததிலிருந்து உரிக்காமல் வைத்திருந்த சாத்துக்குடி ஒன்றை உரித்து, பாதியை என்னிடம் நீட்டினாள்.

மறுநாள் காலையும் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். வேண்டியதில்லைதான், எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. போன் ஒரு தடவை அடித்தது. எடுக்கக் கூடாது. மறுபடி ஒரு தடவை அடித்தது. எடுக்கக் கூடாது. என் கைகளைத் தொடைகளுக்கு அடியில் திணித்து வைத்துக்கொண்டேன். வாசலில் வந்து எட்டிப் பார்த்த கணவர், நான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்.